ஒட்டுப் போட்ட குழாய்



ஒரு ரப்பர்க் குழாயைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் நீங்கள் சிரிக்கலாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சருக்குக் குழாயோடு என்ன வேலை என்றும் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள். நம் அடுப்படியில் எரிவாயு தோம்பிலிருந்து அடுப்புக்குப் போவது ஒரு குழாய். செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் நம் பெண்களின் முதுகிலிருந்து கைக்கு வருவதும் ஒரு குழாய்தான். நன்றாக இருக்கும் வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கெட்ட பிறகு பார்க்கிறோம். அப்போதும் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அப்படிக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பிறந்தது, வளர்ந்தது, இப்போது படித்துக் கொடுப்பது எல்லாமே ஜொகூரில் கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டங்களில்தான். என் ஒரே தம்பி சிங்கப்பூரில் காத்தோங்கில் வேலை பார்க்கிறான். சென்ற பள்ளி விடுமுறையில் அவன் வீட்டில் ஒரு வாரம் தங்கப் போனேன். முன்பெல்லாம் பாலத்தைத் தாண்டிய பிறகு இரண்டு மூன்று வண்டி மாறித்தான் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். 2024 ஜூன் மாதம் புதிய ரயில் பாதையை அந்தப் பக்கம் நீட்டித் திறந்துவிட்டார்கள். உட்லண்ட்ஸில் ஏறி உட்கார்ந்தால் நேரே மரின் பரேடில் இறங்கலாம். பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியே போய்விட்டேன்.

காத்தோங் என்றதும் பலருக்கு லக்சா நினைவுக்கு வரும். எனக்கு சிலோன் சாலையில் இருக்கும் செண்பக விநாயகர் கோயில்தான் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழர்கள் செண்பக மரத்தடியில் தொடங்கிய கோயில் அது. அந்தக் காலத்தில் அங்கே பங்களா வீடுகளின் பின்வாசல் வரை கடல் இருந்ததாம். 1966-ல் கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள். இன்று கடலைப் பார்க்க வேண்டுமானால் அடுக்குமாடி வீடுகளையும் பெரிய சாலையையும் பூங்காவையும் கடந்து போக வேண்டும்.

தம்பியின் வேலையைச் சொல்கிறேன். வாகனம் வைத்திருப்பவர்கள் தாங்களே கழுவிக்கொள்ளும் இடம் ஒன்று. மூன்று தடுப்புகள். ஒவ்வொன்றிலும் தலைக்கு மேலே சுழலும் ஒரு கம்பி. அதிலிருந்து தொங்கும் ஒரு குழாய். குழாயின் முனையில் துப்பாக்கி போன்ற ஒரு விசைப்பிடி. அட்டையைத் தட்டிப் பணம் கட்டினால் பின்னறையில் இருக்கும் பம்பு ஓடும். விசையை அழுத்தினால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். சவுக்காரம் போட ஒரு தூரிகை தனியாக உண்டு. கழுவுகிறவர்களே எல்லாவற்றையும் செய்துகொள்வார்கள். இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது, பம்பைக் கவனிப்பது, கெட்டதை மாற்றுவது ஆகியவை தம்பியின் பொறுப்பு.

அங்கே நின்று பார்த்தபோது எனக்கு ஒரு நினைப்பு. 1962-ல் போட்ட ஒப்பந்தப்படி, நம் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தம் 2061 வரை செல்லும். நாங்கள் சின்ன வயதில் குதித்து விளையாடிய ஆற்றின் தண்ணீரில் ஒரு பங்கு, காத்தோங்கில் யாரோ ஒருவரின் வண்டியைக் கழுவுகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

நான் போன மூன்றாம் நாள், இரண்டாம் தடுப்பின் குழாயைத் தம்பி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். விசைப்பிடிக்கு இரண்டு முழம் மேலே, கொப்புளம் போல ஒரு வீக்கம். அதன் பக்கத்தில் மேல்தோல் தேய்ந்து உள்ளே கம்பி தெரிந்தது. கம்பியில் துரு.

முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னான். நாளை சனிக்கிழமை, கூட்டம் வரும், இப்போதைக்கு டேப்பைச் சுற்றி ஓட்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

தம்பி முகம் வாடி நின்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஒரு ஹோஸ்தானடா. முதலாளி சொல்றதும் நியாயம்தானே? பழைய சைக்கிள் டியூப்பைக் கிழிச்சு இறுக்கமாச் சுத்தி, மேல டேப்பை ஒட்டினா நிக்கும். கொண்டா, நான் சுத்தித் தர்றேன்” என்றேன்.

சிக்கனமாகவே வளர்ந்தவள் நான். எதையும் ஒட்டுப் போட்டுப் பயன்படுத்துவது நமக்கு ஒரு பெருமை அல்லவா? அவன் டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு சுற்றுக் கூடச் சுற்றியிருக்க மாட்டேன். என் கை நின்றுவிட்டது. அந்த ரப்பரை இழுத்துப் பிடிக்கும் பழக்கம் என் விரல்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

அது 1990-ஆம் ஆண்டு. எனக்குப் பதினோரு வயது. அப்பா பால்மரம் சீவினார்; அம்மாவுக்கு வெளிக்காட்டில் மருந்தடிக்கும் வேலை. பள்ளி விடுமுறையில் ஒருநாள் நானும் அம்மாவோடு காட்டுக்குப் போனேன். அம்மா சுமந்த மருந்துத் தோம்பில், குழாய் வந்து சேரும் இடம் வெடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா மண்டோரிடம் காட்டினார். “வேற தோம்பு இல்ல. எதையாவது கட்டிக்கிட்டு அடி” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான்தான் ஓடிப்போய்ச் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தேன். பல்லால் கடித்து இழுத்து, இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டேன். சொட்டு நின்றது. திரும்பி வந்த மண்டோர், “கெட்டிக்காரப் பொண்ணு” என்று என் தலையில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

நடுப்பகலில் அம்மாவின் ரவிக்கை முதுகுப்பக்கம் நனைந்திருந்தது. வியர்வை என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். வெளியே சொட்டாத மருந்து கட்டுக்கு உள்ளே வழி கண்டு, தோம்பின் அடியோரமாக முதுகில் இறங்கியிருக்கிறது. அன்றிரவு எரிச்சல் தாங்காமல் அம்மா துடித்தார். தோல் சிவந்து, பிறகு புண்ணாகி உரிந்தது. பல நாள் குப்புறப் படுத்துத்தான் தூங்கினார்.

அந்த மருந்து பாராகுவாட். தோலைப் புண்ணாக்கும், நகத்தைக் கெடுக்கும், மூக்கில் ரத்தம் வரவைக்கும். புண்பட்ட தோல் வழியாக உடம்புக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. உள்ளே போனால் முறிக்க மாற்று மருந்தும் கிடையாது. மலேசியாவில் 2002-ல் அதற்குத் தடை அறிவித்தார்கள். 2006-ல் தடையைத் தளர்த்தினார்கள். கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதி முழுத் தடை வந்தது. அம்மாவின் முதுகு அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வெந்துவிட்டது.

“நீ கட்டினதாலதான்” என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கண்மூடிய அன்று குளிப்பாட்டும்போது அந்தத் தழும்பைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம் இருந்தது.

இதை நான் தம்பியிடம் அதுவரை சொன்னதில்லை. 1990-ல் அவன் கைப்பிள்ளை. அன்று அந்தத் தடுப்பில் ஈரத் தரையில் நின்றுகொண்டே சொன்னேன். அவன் டேப்பை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, தடுப்பின் குறுக்கே சங்கிலியைக் கட்டினான். “வாங்கக்கா, புது ஹோஸ் வாங்கப் போவோம்” என்றான்.

மறுநாள் காலை பழைய குழாயைக் கழற்றி ஒரு பையில் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். சிராங்கூன் சாலையில் காலைப் பசியாறிவிட்டு, பக்கத்தில் ஜாலான் புசாருக்கு நடந்தோம். இரும்புச் சாமான், தண்ணீர்க் குழாய்ச் சாமான் கடைகள் நிறைந்த பகுதி அது. நாங்கள் போன கடையில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். மலாயில் பேசினார். பாடம் நடத்தத் தெரிந்த மனிதர்! பழைய குழாயை வாங்கி, வீங்கிய இடத்தில் கத்தியால் அறுத்து விரித்துக் காட்டினார். உள்ளே மூன்று அடுக்கு. தண்ணீர் ஓடும் உட்குழாய். அதன் மேல் எஃகுக் கம்பிப் பின்னல். அதற்கு மேல் தோல். குழாயைத் தாங்குவது நடுவில் உள்ள கம்பிதான். தோல் சிமெண்டுத் தரையில் உராய்ந்து தேய்ந்துவிட்டது. சவுக்காரத் தண்ணீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து, தொட்டால் உதிர்ந்தது. “இதற்கு மேலே டேப் சுற்றினால் துரு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்” என்றார்.

அழுத்தத்தை ‘பார்’ என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். வாகனச் சக்கரத்தில் இருக்கும் காற்று 2 பாருக்குச் சற்று மேல். தம்பியின் பம்பு மானி காட்டுவது 80. நம் தோலைத் துளைத்து உள்ளே போக 7 பார் அளவே போதும் என்கிறார்கள். குழாயில் ஊசித் துவாரம் விழுந்து, அந்த நீர் விரலில் பாய்ந்தால், வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சவுக்காரமும் அழுக்கும் சதை வழியே பரவிவிடும். சின்னக் காயம் என்று பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்குப் போனவர்கள் விரலையே இழந்ததுண்டு. அப்படி நேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், “அழுத்தத் தண்ணீர் உள்ளே பாய்ந்துவிட்டது” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒழுகுகிறதா என்று குழாயைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது; ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். முந்தின நாள் தம்பி தடவிப் பார்த்ததை எண்ணி எனக்கு உடம்பு நடுங்கியது.

பிறகு புதிய குழாய் தேர்ந்தெடுத்தோம். குழாயின் உடம்பிலேயே எல்லாம் அச்சிட்டிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை. எத்தனை பார் அழுத்தத்தில் வேலை செய்யலாம், எவ்வளவு சூடு தாங்கும், உள்வாய் எத்தனை அங்குலம், எந்த ஆண்டு செய்தது என்று வரிசையாக இருந்தது. இரண்டு கம்பிப் பின்னல் உள்ள குழாயை நான் கேட்டேன். வலுவானதுதானே நல்லது? பெரியவர் தலையாட்டினார். அது பாரம், வளையாது, கழுவ வருகிற பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மணிக்கட்டு வலிக்கும். ஒரு கம்பிப் பின்னலில் 250 பார் என்று அச்சிட்டது ஒன்றை எடுத்துப் போட்டார். நம் 80-க்கு அது தாராளம். விசையைச் சட்டென்று விடும்போது அழுத்தம் ஒரு கணம் துள்ளும். அதற்கும் இடம் இருக்கிறது. பூச்செடிக்குத் தண்ணீர் விடும் குழாய் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது.

சூட்டைப் பற்றித் தம்பி, “பச்சைத் தண்ணிதானே” என்றான். அதற்கும் பெரியவர் பதில் வைத்திருந்தார். விசையை விட்ட பிறகும் பம்பு ஓடிக்கொண்டிருந்தால், அதே தண்ணீர் உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறும். வெறும் பிளாஸ்டிக் குழாய் அந்தச் சூட்டில் இளகிவிடும்.

உள்வாய்க் கணக்கு என் கையில் வந்தது. கால் அங்குலக் குழாய் விலை குறைவு. பழையது 3/8 அங்குலம். அதாவது ஒன்றரை மடங்கு அகலம். ஒரே அளவுத் தண்ணீர் ஓடும்போது, உராய்வால் வீணாகும் அழுத்தம் ஏறக்குறைய அகலத்தின் ஐந்தாம் அடுக்குப்படி மாறும். ஒன்றரையை ஐந்து முறை பெருக்கினால் ஏழரைக்குச் சற்று மேல். கால் அங்குலக் குழாயில் நஷ்டம் அத்தனை மடங்கு! குழாய் குட்டையாக இருந்தால் பெரிதாகத் தெரியாது. என்றாலும் பம்போடு வந்த அளவை மாற்றாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்தோம்.

நீளத்தை முந்தின நாளே கயிற்றால் அளந்திருந்தோம். மேல் கம்பியிலிருந்து வண்டியின் நான்கு மூலைக்கும் எட்ட வேண்டும். தொங்கவிட்டால் தரையில் புரளக் கூடாது. பழைய குழாய் ஒரு முழம் அதிகம். அதனால்தான் தரையில் இழுபட்டு, சக்கரங்களுக்கு அடியில் நசுங்கியிருக்கிறது. அது கெட்டதற்குக் காரணம் அந்த ஒரு முழம்தான்.

கடைசியாக முனையில் உள்ள மரை. நம் பக்கத்தில் புழங்கும் பிரிட்டிஷ் மரையில் 3/8 அளவுக்கு ஓர் அங்குலத்தில் 19 சுற்று. அமெரிக்க மரையில் 18. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். பலவந்தமாக முறுக்கினால் மரை கெட்டு ஒழுகும். பழைய முனையைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. முனையைக் கடைக்காரர் இயந்திரத்தில் அழுத்திப் பொருத்திக் கொடுத்தார். திருகாணி வைத்த வளையத்தால் இறுக்குவது இந்த அழுத்தத்துக்கு நிற்காது. வண்டியில் கறை படியாதபடி சாம்பல் நிறத் தோல் கேட்டு வாங்கினோம்.

ஒன்று கேட்டேன்: “இது ரப்பர்தானே? எங்கள் தோட்டத்துப் பாலா?” பெரியவர் சிரித்தார். எண்ணெயும் மெழுகும் பட்டால் மரத்துப் பால் ரப்பர் ஊறிப் பருத்துவிடுமாம். உள்ளே இருப்பது ஆலையில் செய்த ரப்பர். 1877-ல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்தன. அதன் பிறகுதான் நம் பாட்டன்மார் இந்த மண்ணில் ரப்பர்க் காட்டுக்கு வந்தார்கள். எந்த ரப்பர் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை மூன்று தலைமுறைக்குப் பின் ஒரு கடையில் நின்று தெரிந்துகொண்டேன்.

விலை, ஒரு குடும்பம் கடையில் ஒரு வேளை சாப்பிடும் செலவுதான். தம்பி தன் பணத்தைக் கொடுத்தான். முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும் கோபம். சனிக்கிழமை காலை ஒரு தடுப்பு மூடிக் கிடந்ததாம்! நேரே வந்துவிட்டார். எனக்குப் பயம்தான், வெளிநாட்டு வேலை, குடும்பம் இருக்கிறது. தம்பி எதிர்த்துப் பேசவில்லை. அறுத்த பழைய குழாயை மேசை மேல் வைத்தான். “பாஸ், இதைப் பிடிச்சு நிக்கிறது நான். நான் இல்லாதப்ப உங்க வாடிக்கைக்காரர். ஒருவேளை அவர் பிள்ளை” என்று மட்டும் சொன்னான். அவர் அந்தத் துருவை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பணத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் தடுப்பின் குழாயையும் மாற்றச் சொன்னது அடுத்த வாரம். முதல் தடுப்பின் குழாய்க்கு இன்னும் பதில் வரவில்லை. அதைத் தினமும் அட்டை வைத்துப் பார்ப்பதாகத் தம்பி சொல்கிறான். ஒரு கொப்புளம் தெரிந்தால் சங்கிலி கட்டிவிடுவானாம்.

அன்பர்களே, இன்று நம் தோட்டங்களில் வேறு மருந்துகள் அடிக்கிறார்கள். மருந்து மாறினாலும், தோம்பும் குழாயும் முதுகில்தான் இருக்கின்றன. காலையில் தோம்பைத் தூக்கும் முன் வெறும் தண்ணீரை ஊற்றி ஒருமுறை அடித்துப் பாருங்கள். சொட்டினால், கட்டாதீர்கள்; மாற்றித் தரச் சொல்லுங்கள். மலேசியாவில் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் முதல் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கண்முன்னே உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தக்க காரணத்தோடு ஒரு தொழிலாளி நம்பினால், அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. அம்மா காலத்தில் அப்படி ஓர் எழுத்து இல்லை. இப்போது இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது தனியாகச் சொல்லாமல், கூட வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

வீட்டில் எரிவாயுக் குழாயில் அச்சிட்ட தேதியையும் இன்றே பாருங்கள். வளைத்தால் வெடிப்புத் தெரிகிறதா? மாற்றிவிடுங்கள். அதற்கு ஒட்டு வேண்டாம்.

சட்டைக்கு ஒட்டுப் போடலாம், கூரைக்கும் போடலாம். உடம்பைக் காக்கும் பொருளுக்கு ஒட்டுப் போட்டால், மிச்சமான காசை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், அந்த அறுத்த குழாய்த் துண்டை ஆறாம் வகுப்பில் காட்டி, அதில் அச்சிட்டிருந்த எண்களைப் படிக்கச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, “டீச்சர், எங்கம்மா தோம்புக் குழாயிலயும் இப்படி நம்பர் இருக்குமா?” என்று கேட்டாள்.

“போய்ப் பார்த்துவிட்டு வந்து நாளைக்குச் சொல்லு” என்றேன்.